ஒருமுறை பிழைத்த உடம்பு

டாக்டர் வீட்டுப் பின்கட்டில், முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகையில் எலிகள் இருந்தன. வெள்ளை எலிகள், சிவந்த கண்கள். கொழும்பில் சோதனைக்கூடப் பயிற்சி முடித்து மாத்தளைக்குத் திரும்பிய எனக்கு முதல் வேலை அந்த டாக்டரிடம்தான் கிடைத்தது. முன்னறையில் அவர் நோயாளிகளைப் பார்ப்பார். நடு அறையில் நான் இரத்தம், சிறுநீர், மலம், சளி பார்ப்பேன். கொட்டகை எங்கள் இருவருக்கும் பொது.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டு, தகப்பனார் இறந்ததும் வீடு திரும்பி, மிளகு வியாபாரிகளின் மூலத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கோபத்தை எலிகள் மேலும் என் மேலும் பங்கிட்டுக் காட்டினார். சஞ்சிகையில் வாசித்த ஒரு சோதனையைத் தானும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சில எலிகளுக்கு ஒரு கிருமியைக் கொஞ்சமாக ஊசியில் ஏற்றினோம். அவை மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கிக் கிடந்து, பிறகு பிழைத்துக்கொண்டன. பிழைத்தவற்றில் பாதிக்கு வழக்கமான தீனி, மீதிக்கு அரைத் தீனி. கிருமியே காணாத எலிகள் இன்னொரு கூட்டில் கொழுத்துக் கிடந்தன. பிறகு எல்லாவற்றுக்கும் முற்றிலும் வேறான ஒரு கிருமியைத் தாராளமாகக் கொடுத்தோம்.

கொழுத்தவை செத்தன. வயிறாரத் தின்று பிழைத்தவை இந்த இரண்டாவது கிருமியையும் தாண்டின. அரைத் தீனி எலிகள் முதல் சண்டையில் பிழைத்திருந்தும் இரண்டாவதில் செத்தன.

காரணத்தைப் பார்க்க எலியைக் கொல்ல வேண்டும். கழுத்தின் மேல் பென்சிலை அழுத்தி வாலைப் பிடித்து ஒரு இழுப்பு. சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். அதைப் பழக எனக்கு அதிக நாள் ஆகவில்லை. வயிற்றுக்குள் உப்புத் தண்ணீர் விட்டு அலசி எடுத்த நீரைக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், கிருமிகளைத் தின்னும் பெரிய செல்கள் தெரியும். கிருமி காணாத எலியின் செல்கள் உருண்டையாக, சும்மா உட்கார்ந்திருந்தன. பிழைத்த எலியின் செல்கள் கல்லில் ஊற்றிய தோசை மாவைப் போலப் பரவிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டன. அவற்றின் உள்ளே மணிமணியாகச் செரிமானப் பைகள் நிறைந்திருந்தன.

"பாத்தீங்களா மகள்," என்றார் டாக்டர், மாத்தளை முஸ்லிம்களின் பேச்சில். "இந்த உருண்டை ஈக்கே, இது சோம்பேறி. கிருமியத் திண்டுட்டு அதோடயே குடித்தனம் நடத்தும். மத்தது அப்பிடி இல்ல. திண்டா செமிக்கும்."

"அப்ப ஒரு தரம் பொழச்ச எலிக்கு இனி எதுவும் வராதா சேர்?"

"கொஞ்ச நாளைக்கி வராது. பொறகு இந்த வெறி அடங்கிரும். முதல்ல வந்த கிருமிய மட்டும் உடம்பு நெனவு வெச்சீக்கும். அது வந்தா திரும்ப எழும்பும். புதுசா ஒண்டு வந்தா மய்யத்துதான்." பென்சிலைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "அடுத்தது."

எங்கள் வீடு கடைத்தெருவில், கடைக்குப் பின்னால். அப்பா செத்தல் மிளகாய், மல்லி, மிளகு விற்றார். அண்ணன் லொறி எடுத்துக்கொண்டு இரத்தோட்டைப் பக்கம் ஏலக்காய் வாங்கப் போய், அங்கே மலைத் தோட்டமொன்றில் ஒரு கங்காணியின் மகளைக் கலியாணம் செய்துகொண்டு வந்தான். நாங்களும் இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். தோட்டத்துக்கு மேலே போகாமல் டவுனிலேயே தங்கிக்கொண்டோம். அம்மாவுக்கு அந்தச் சில மைல்கள் பெரிய வித்தியாசமாக இருந்தன. அண்ணியை அவள் மருமகள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "தோட்டம் எந்திரிச்சிருச்சா?" என்பாள். "தோட்டம் தின்னது போக மிச்சம் இருந்தா நாய்க்கு வை" என்பாள்.

பெண் குழந்தை பிறந்து சில மாதங்களில் அண்ணிக்கு நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு, வந்தது. இரத்தத்தை நானே சோதித்தேன். தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, எலும்பாகி, ஒருவழியாக எழுந்தாள். "எமனே பாத்துட்டு வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டான்," என்றாள் அம்மா. அண்ணி அதற்கும் சிரித்தாள். என்னைவிட வயதில் சின்னவள். என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள், கேலியாக.

அதே காலத்தில்தான் அப்பாவின் இருமல் தொடங்கியது. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதர் இருமினால் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எச்சில் படிக்கத்தில் இரத்தக் கோடு தெரிந்த காலையில், சளியைக் குப்பியில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தகட்டில் சிவப்புச் சாயம், சூடு, அமிலம், பிறகு நீலச் சாயம். நீலத்துக்கு நடுவில் சிவந்த குச்சிகள் கிடந்தன. ஊரார் கசம் என்கிற சயரோகம்.

டாக்டர் கடைக்கு மிளகு வாங்க வருபவர் போல வந்து, பின்னறையில் அப்பாவையும் அம்மாவையும் வைத்துச் சொன்னார். ஊசி. மாத்திரை, நிறுத்தாமல். தனித் தட்டு. படிக்கத்தில் கிருமிநாசினி. குழந்தையைப் பக்கத்தில் விடக்கூடாது. அதோடு குழந்தைக்குத் தடுப்பூசியும் போட வேண்டும். சாதுவான ஒரு கிருமியை உள்ளே விட்டு அந்தத் தின்னும் செல்களை உசுப்பிவிடுகிற ஊசி அது.

அவர் போனதும் அம்மா தன் தீர்ப்பைச் சொன்னாள். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் கசக்காரன் கைபட்ட மிளகாயை எவன் வாங்குவான்? கண்டியிலிருந்து எனக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் என்ன ஆகும்? கிருமிநாசினி வேண்டாம், நாற்றம் கடைவரைக்கும் வரும்; சாம்பல் போதும். குழந்தைக்கு ஊசி வேண்டாம், தோளில் தழும்பு விழும். "நோய் வந்த வீட்டுப் பிள்ளைன்னு அதுலயே எழுதி ஒட்டின மாதிரி."

"படிக்கத்த யாரு கழுவுறது?" என்று கேட்டேன்.

"அந்தத் தோட்டம் கழுவட்டும். அம்மை பாத்து எந்திரிச்சவதானே அடுத்த ஆளுக்கு வேப்பிலை வீசுவா? இவ காய்ச்சல் கண்டு எந்திரிச்சவ. இவ உடம்பு பழகிருச்சு."

அம்மைக்கு அந்த வழக்கம் சரியானது. ஒருமுறை வைசூரி கண்டவருக்கு அது மறுபடி வராது. கோயிலடி வீடுகளில் முகத்தில் தழும்பு உள்ளவர்களைத்தான் நோயாளிக்குப் பக்கத்தில் விடுவார்கள். ஆனால் அது அந்த ஒரு நோய்க்கு மட்டுமான நினைவு. நெருப்புக்காய்ச்சலில் எழுந்த உடம்புக்குச் சயரோகம் புதியது.

அண்ணன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினான். "தங்கச்சி சொல்ற எலிக் கதையும் அதானே? ஒரு நோயில பொழச்ச எலி அடுத்த நோயையும் தின்னுருமாமே."

"கொஞ்ச நாளைக்குத்தான். அதுவும் வயித்துக்கு ஒழுங்காப் போட்ட எலி. அரைத் தீனி போட்டதெல்லாம் செத்துப்போச்சு."

"மனுசங்களப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். எலியப் பத்திப் பேசாத," என்றாள் அம்மா.

அண்ணி கழுவினாள். காலையும் மாலையும் படிக்கம், பிறகு அப்பாவின் துணி, பிறகு அவர் படுத்த பாய். எல்லோரும் தின்று முடித்த பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்றாள். அதைத் தின்றுவிட்டுப் பாலும் கொடுத்தாள். நான் வாங்கி வந்த முட்டைகள் அப்பாவின் தட்டுக்குப் போயின.

ஒருநாள் கிணற்றடியில் படிக்கத்தைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள். "டாக்டரம்மா, எனக்குள்ள இருக்குற அந்தத் தின்னிங்க எல்லாம் இப்ப பெரிய சண்டியனா இருக்குமா?"

"இருந்திருக்கும். இந்நேரம் அடங்கிப் போயிருக்கும். நீ தின்னாத்தான் அதுங்களுக்குத் தெம்பு."

"அப்ப உங்கம்மாகிட்ட கேட்டு அதுங்களுக்கு ஒரு முட்டை வாங்கிக் குடுங்க. எனக்குன்னு கேக்காதீங்க, கெடைக்காது."

சயரோகக் கிருமியின் தந்திரம் எனக்குத் தெரிந்திருந்தது. தன்னைத் தின்ன வரும் செல்லுக்குள்ளேயே அது வாழும், பெருகும். உடம்பு அதை அடையாளம் கண்டு, தின்னும் செல்களை உசுப்பிவிட்ட பிறகுதான் அவை உள்ளே இருப்பதைக் கொல்லத் தொடங்கும். தின்றும் தூங்கியும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது நடந்துவிடும். நோய் வந்ததே தெரியாமல் அடங்கிவிடும். அண்ணிக்கு இரண்டும் கிடைக்கவில்லை. பருவமழை முடிவதற்குள் இருமினாள். அவள் சளியையும் நானே பார்த்தேன். அதே சிவந்த குச்சிகள்.

"தோட்டத்துலருந்து கொண்டாந்த சீக்கு," என்றாள் அம்மா. "இவதான் எம் புருசனுக்கும் ஒட்டவிட்டது."

யாருக்கு முதலில் வந்தது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் லொறிக்கு மூட்டை ஏற்ற வேண்டும் என்று எழுந்து போனான். நான் இரண்டு தகடுகளையும் பற்றிச் சொன்னேன், எது முன், எது பின் என்று. அம்மா கேட்டு முடித்துவிட்டு, "சரி, துணிய மூட்டை கட்டு," என்றாள் அண்ணியிடம்.

குழந்தையை விடவில்லை. சீக்காளி கையில் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறாராம். டாக்டர் சொன்னது உண்மைதான். இருமுகிற எவரிடமும் கொடுக்கக்கூடாது என்றார். அம்மா அதில் ஒரு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இரத்தோட்டை பஸ் வரும்வரை நான் அண்ணியோடு நின்றேன். பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்திருந்தது. மூட்டையால் அதை மறைத்துக்கொண்டாள்.

"கிருமி செத்துருச்சுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. அன்னைக்கி வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போறேன்."

"சொல்றேன்."

"பொய் சொல்லக் கூடாது. சாகலேன்னா சாகலேன்னு சொல்லணும்."

அவள் ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டாள். வருகிற வழியில் எனக்குச் சளிக் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தகட்டில் குச்சிகள் குறைந்து, அரிதாகி, ஒருநாள் எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்தேன். இல்லை. சொன்னேன். அன்றே கடை வாசலில் வந்து நின்றாள்.

அம்மா அவளை உள்ளே விடவில்லை. வெளியே வெறும் சாக்கின் மேல் உட்காரச் சொல்லி, சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தாள். கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு தடவ பாக்கணும்," என்றாள் அம்மா.

அண்ணி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். "டம்ளர் கழுவுற வேலை மிச்சம்," என்று சிரட்டையைத் தெருவில் எறிந்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த முறையும் வந்தாள். அடுத்த முறையும் அம்மா அதையே சொன்னாள். குழந்தை அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தது. சாக்கில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அண்ணி கையை நீட்டினால் ஓடிப்போய் என் அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டது.

அப்பாவின் மடிதான் அதற்கு எல்லாம். அவர் அந்தக் குழந்தையின் மேல் உயிரை வைத்திருந்தார், அதில் சந்தேகமில்லை. கல்லாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தன் வாயில் ஊறிய கற்கண்டை எடுத்து அதன் வாயில் வைப்பார். ஊசியை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். கம்பவுண்டர் காலைதோறும் வந்தால் அக்கம்பக்கம் பேசும் என்று அம்மா வரவேண்டாம் என்றுவிட்டாள். பெரிய மாத்திரைகள் வயிற்றைப் பிரட்டுகின்றன என்று அவர் அலுமாரிக்குப் பின்னால் போட்டார். இருமல் கொஞ்ச நாள் அடங்கி, திரும்ப வந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா மிளகாய் மூட்டையைக் காட்டினாள். வீட்டில் கசம் என்று ஒன்று இருந்தது, அது இரத்தோட்டை பஸ் ஏறிப் போய்விட்டது. அவளுடைய கணக்கு அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அண்ணி போய்ச் சில மாதங்கள் கழித்துக் குழந்தைக்குத் தோல் சோதனை செய்திருந்தோம். முன்கையில் ஊசி குத்திய இடம் வெறுமனே இருந்தது. தாயிடமிருந்து எதுவும் ஒட்டவில்லை என்று அர்த்தம். அடுத்த வருடம் சித்திரை வெயிலில் குழந்தை இளைத்து, மாலையில் உடம்பு சுட ஆரம்பித்ததும் மறுபடி குத்தினேன். மூன்றாம் நாள் கை சிவந்து, தடித்து, கல்லாக நின்றது. அடிமட்டத்தை வைத்து அளந்தேன். அளக்கத் தேவையே இருக்கவில்லை.

டாக்டர் கையைத் தடவிப் பார்த்தார். "உம்மா மலையில ஈக்கிறா. அவட சளியும் சுத்தம். அப்ப இந்த வீட்டுல யாரு இருமுற?"

"அப்பா."

"மருந்து குடிக்கிறாரா?"

"இல்ல."

"திருடன்ட கையில சாவியக் குடுத்துட்டு, காவக்காரிய வெளிய தொரத்தீக்கிறீங்க," என்றார். பிறகு, எலிகளிடமும் என்னிடமும் காட்டாத ஒரு மரியாதையோடு, குழந்தையின் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

அந்த வீக்கம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. கிருமி உள்ளே வந்துவிட்டது. அதே சமயம் உடம்பு அதை அடையாளம் கண்டு, தின்னும் செல்களை எழுப்பிவிட்டது. ஊசி குத்திய இடத்தில் திரண்டு நின்றவையே அவைதான். பக்கப்பலமாக மருந்தும் சோறும் கிடைத்தால் அவை வெல்லும். நெஞ்சுப் படத்தில் நிழல் இன்னும் விழவில்லை.

வீட்டில் சொன்னேன். குழந்தைக்குக் கிருமி தொற்றியிருக்கிறது, அண்ணியிடமிருந்து அல்ல, அப்பாவிடமிருந்து. நாளையிலிருந்து அப்பா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை அவர் இருக்கும் அறையில் இருக்கக்கூடாது. இப்படி வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை பிழைக்குமா என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க," என்றாள். "கையில அந்த வீக்கம் வெளிய தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இதையும் அங்கேயே கொண்டுபோய் விட்டுரு. தாய் சீக்கு பிள்ளைக்கு. யார் கேட்டாலும் அதான்."

ஒரு வருடத்துக்கு மேல் சாக்கில் உட்கார வைத்து மறுத்ததை, அவள் ஒரு மூச்சில் கொடுத்துவிட்டாள். அண்ணன் அப்போதும் எழுந்துதான் போனான். குழந்தையின் சட்டைகளை மட்டும் மடித்துக் கொண்டுவந்து வைத்தான். அப்பா ஒருமுறை தூக்கிவிட்டுத் தருகிறேன் என்று கைகளை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நீட்டிய கைகள் அப்படியே இருந்தன. குழந்தை அவரிடம் போக என் இடுப்பில் துள்ளியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையே போனேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பார்க்கப் பெண் இருக்கவில்லை.

இரத்தோட்டையில் இறங்கித் தோட்டத்து லொறியில் ஏறி, மீதியை நடந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனபோது அண்ணி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலைமயிர் மறுபடி வளர்ந்திருந்தது. என் இடுப்பைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன, இதுவும் கெட்டுப்போச்சா?"

"ஆமா."

"அதானே. சும்மா குடுப்பாங்களா உங்கம்மா." கையைப் பாவாடையில் துடைத்தாள். "ரொம்பவா?"

"கிருமி போயிருக்கு. நோயா இன்னும் மாறல. மருந்து விடாமக் குடுத்தா, வயிறு நெறையக் குடுத்தா, மாறாது."

"யாருகிட்டருந்து?"

"அப்பா."

அவள் வந்து குழந்தையை என்னிடமிருந்து பிய்த்து எடுத்தாள். அது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வீறிட்டது. தாத்தா, தாத்தா என்று மலை கேட்கக் கத்தியது. நகத்தால் அவள் கழுத்தைப் பிறாண்டியது. பக்கத்து லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஐயோ, புது ஆளுன்னு பயப்படுது," என்றாள்.

"அழுவட்டும்," என்றாள் அண்ணி. "கத்துறதுக்கு நெஞ்சு மிச்சம் இருக்குல்ல." என்னிடம் திரும்பினாள். "மருந்து எங்க?"

கொடுத்தேன். எவ்வளவு, எப்போது, எதில் கலந்து என்று சொன்னேன். அவளுக்கு அந்த மாத்திரையை என்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் தின்றுதான் எழுந்திருந்தாள். கரண்டியின் முதுகால் நசுக்கி, வாழைப்பழத்தில் பிசைந்து, குழந்தையின் கன்னங்களை அழுத்தி வாயைத் திறந்து உள்ளே தள்ளினாள். குழந்தை துப்பியது. மார்பில் விழுந்ததை வழித்தெடுத்து மறுபடி தள்ளி, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே போகிற லொறி சத்தம் கேட்டு நான் எழுந்தேன். உட்காருங்கள் என்றோ போய்வாருங்கள் என்றோ அவள் சொல்லவில்லை. கையை எடுக்காமல், குழந்தையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்குகிறதா என்று.

விழுங்கியது.